பஞ்சவர்ணம் கழற்றாத காதுமூடி

பஞ்சவர்ணத்துக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள் அவள் மகள் அனுப்ரியாதான். சொன்ன குற்றத்துக்கு அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கா கேக்கல? மேல் ஊட்டுல கட்டில நகத்துறது கேக்குது. தெருமுனைல பஸ்ஸு உறுமுறது கேக்குது. நீதான் வாய்க்குள்ள கொழுக்கட்டைய வெச்சுட்டுப் பேசுற."

"அம்மா, பால் வாங்கியாச்சான்னு கேட்டா, கால் எதுக்கு வீங்கோணும்னு குனிஞ்சு பாத்தியல்ல? அது யார் தப்பு?"

பஞ்சவர்ணத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது.

கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர்ப் பக்கத்துப் பெண் அவள். கட்டட வேலைக்கு வந்த முனிராஜைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து, கும்பாரகொப்பலில் வாடகை வீடு பிடித்து, ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். இரும்புத் தகட்டை அச்சில் வைக்க வேண்டும். இயந்திரம் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் அதை மூடியாக்கும். வரிசையாக நிற்கும் இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவள் வாயசைப்பதுதான் தெரியும். சேர்ந்த புதிதில் வேலை விட்டு வரும்போது காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும், 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் கேட்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பிறகு சரியாவது நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

மகளின் நச்சரிப்பு தாங்காமல்தான் காது ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரிசோதித்த பெண்ணின் பெயர் தன்மயி. மேலுகோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பத்துப் பெண், தமிழ் பேசினாள். வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறையில் பஞ்சவர்ணத்தை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, "எவ்வளவு சன்னமா கேட்டாலும் சரி, கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்கோ" என்றாள்.

முதலில் மாடு கத்துவதுபோல் தடித்த ஒலிகள் வந்தன. பஞ்சவர்ணம் பட்டனைப் பட்பட்டென்று அழுத்தினாள். கேட்காதாம், எனக்கு! அப்புறம் ஒலி மெலிந்து உயரே உயரே போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன்மயி ஏதோ திருகிக்கொண்டே இருப்பது தெரிந்தது. ஒலி வந்துகொண்டுதான் இருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை என்பது பஞ்சவர்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்ததும் தன்மயி அவளுக்கு நேர் எதிரே, முகம் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"சத்தம்னா காத்துல ஒரு அதிர்வு. அது செவிப்பறைல பட்டு உள்ள போறது. உள்காது நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். அதுக்குள்ள மயிரிழையைவிட மெல்லிசா செல்கள் இருக்கு. அதுகள்தான் அதிர்வை மூளைக்குச் சொல்றது. கீச்சுன்னு உச்சத்துல வர்ற ஒலியைக் கேக்கற செல்கள் வாசல்லயே இருக்கு. பெரிய சத்தம் வருஷக்கணக்கா இடிச்சா அந்தப் பக்கம்தான் முதல்ல போறது."

"அப்போ பேசறது கேக்குதே, என்னன்னுதான புரியல?"

"அ, ஆ, ஓ எல்லாம் தடிச்ச ஒலி. ச, த, ப, க வர்றபோது இருக்கிற அந்தச் சன்ன ஒலி உயரத்துல இருக்கு. உயிரெழுத்து உங்களுக்குக் கேக்கறது. மெய்யெழுத்து பாதி நழுவிடறது."

பாலும் காலும் ஒன்றாகிப்போனது ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. "மருந்து?" என்று கேட்டாள்.

தன்மயி இல்லை என்று தலையசைத்தாள். "செத்த செல் திரும்ப முளைக்காது. கருவி வெச்சா பேச்சு நன்னா புரியும். ஆனா மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும். ஷெட்டுக்குள்ள கருவியைக் கழட்டிட்டுக் காதுமூடி போட்டுக்கோங்கோ. உங்க கம்பெனில குடுக்கலையா?"

குடுக்கவில்லை. குடுத்திருக்க வேண்டும் என்பதே பஞ்சவர்ணத்துக்கு அன்றுதான் தெரியும்.

ஷெட்டில் கேட்டாள். ஸ்டோர் பார்க்கும் மாரிசாமி, "வரலீங்கக்கா, வந்தா சொல்றேன்" என்றான். இரண்டு மூன்று முறை கேட்டாள். வரவேயில்லை. பஞ்சைத் திணித்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் காலை, தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்று ஷெட்டே பரபரத்தது. தரை கழுவினார்கள். மாரிசாமி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து ஹெட்போன் போலிருந்த மஞ்சள் காதுமூடி ஆளுக்கொன்று கொடுத்தான். பழைய இருப்பு என்பது பார்த்ததும் தெரிந்தது. பிளாஸ்டிக் உறைமேல் தூசி படிந்திருந்தது. பஞ்சவர்ணம் வாங்கி மாட்டினாள். அத்தனை இயந்திரங்களும் ஏதோ பக்கத்து ஊருக்குப் போய்விட்டதுபோல் சத்தம் விலகியது. ஆறுதலாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. இது இத்தனை காலமும் ஸ்டோர் சுவருக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

ஆய்வாளர் பார்த்துவிட்டுப் போனார். மாரிசாமி காலிப் பெட்டியோடு வரிசையில் வந்தான். ஒவ்வொருவரும் கழற்றிப் போட்டார்கள். பஞ்சவர்ணத்தின் முன்னால் வந்து கையை நீட்டினான். அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்தாள். அவன் சிரித்தான். பிறகு அவள் விளையாடவில்லை என்று புரிந்து, மேனேஜர் சுரேந்தரை அழைத்து வந்தான்.

பஞ்சவர்ணம் இயந்திரத்தை நிறுத்தினாள். பக்கத்தில் கௌரம்மாவும் நிறுத்தினாள். என்னவென்று பார்க்க மற்றவர்களும் நிறுத்த, ஷெட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பஞ்சவர்ணம் ஒரு பக்க மூடியை மட்டும் தூக்கினாள்.

"அது ஸ்டோர் சாமான்மா. குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார் சுரேந்தர்.

"தர மாட்டனுங்க சார்."

"என்ன?"

"தர மாட்டேன்னு சொன்னனுங்க. உங்களுக்கும் கேக்கலீங்களா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் முகம் சிவந்தது. "ஆபீஸுக்கு வா, பேசிக்கலாம்."

"ஆபீஸ்ல நீங்க மெதுவாப் பேசுவீங்க, எனக்குப் புரியாது. இங்கயே, என் மூஞ்சியப் பாத்துச் சத்தமாப் பேசுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஆய்வு முடிஞ்சுதில்ல? இன்னும் எதுக்கு அது?"

"அவரு காதுக்கா இதக் குடுத்தீங்க? அவரு செத்த நேரம் நின்னுட்டுப் போயிட்டாருங்க. நான் பதினாலு வருஷமா நிக்கறேன்."

சுரேந்தர் நிறுத்திக் கிடந்த இயந்திரங்களைப் பார்த்தார். பிறகு, "காதே கேக்காதவள மிஷின்ல நிறுத்தறது ஆபத்து. நாளைலேர்ந்து பேக்கிங்குக்குப் போ" என்றார்.

"போறனுங்க. இது இங்கயே இருக்கும். எனக்கப்புறம் இந்த மிஷின்ல நிக்கறவ போட்டுக்குவா."

கௌரம்மா பெட்டிக்குள் குனிந்து, தான் போட்ட காதுமூடியைத் திரும்ப எடுத்தாள். "நானூ கொடல்ல" என்று, தானும் தர மாட்டேன் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டாள். இன்னும் சில கைகள் பெட்டிக்குள் போயின. எல்லாரும் எடுக்கவில்லை. வேலைக்குப் பயந்தவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்கள்மேல் பஞ்சவர்ணத்துக்கு வருத்தமில்லை.

சொன்னபடியே அவளைப் பேக்கிங்கில் போட்டார்கள். மாதக்கணக்கில் அட்டைப்பெட்டி ஒட்டினாள். சும்மா ஒட்டவில்லை, விடுப்பு நாளில் ஒவ்வொருத்தியாகத் தன்மயியிடம் அழைத்துப் போனாள். கௌரம்மாவின் பரிசோதனைத் தாளில் வரைந்த கோட்டிலும் கீச்சு ஒலிகள் வரும் அதே இடத்தில் அதே பள்ளம். பரிசோதனைத் தாள்களோடு பெண்கள் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். ஆய்வாளர் மறுபடி வந்தார், இந்த முறை யாரிடமும் சொல்லாமல். அதன்பிறகு இயந்திரங்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வந்தது, காது கேட்காதவளுக்கும் தெரியும்படி அபாய மணியோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கு வந்தது, ஆண்டுக்கொருமுறை காதுப் பரிசோதனை வந்தது. விளக்கு வந்த மறுநாளே பஞ்சவர்ணம் சுரேந்தர் முன்னால் போய் நின்று தன் இயந்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் காது மட்டும் போனது போனதுதான்.

காதுக்குக் கருவி வாங்கியதும் அதைத் தலைமுடியால் மறைத்துக்கொள்ளச் சொன்னாள் அனுப்ரியா. பஞ்சவர்ணம் மூக்குக் கண்ணாடியை யாராவது மறைப்பார்களா என்று கேட்டுவிட்டு, முடியை இழுத்துத் தூக்கிக் கொண்டை போட்டாள்.

போன தை மாதம் கொள்ளேகாலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் ஆள் உயர ஸ்பீக்கர். இலையில் விழும் சோறே அதிர்ந்தது. பஞ்சவர்ணம் எழுந்து பாட்டுப் போடுகிறவனிடம் போய், குறைக்கச் சொன்னாள். அவன் அவள் காதில் இருந்த கருவியைப் பார்த்தான்.

"உங்களுக்குத்தான் கேக்காதேக்கா, உங்களுக்கென்ன?"

"எனக்குப் போயிருச்சு சாமி. உனக்கு இன்னும் இருக்குதல்ல? அதுக்குத்தான் சொல்றேன்."

அவன் கொஞ்சம் குறைத்தான். அவள் நகரவில்லை. "இன்னும்" என்றாள்.