ஐந்து ஐரிஸ் கிழங்குகளும் ஒரு வெறும் போத்தலும்

அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு ஜெர்மன் மூதாட்டி, தன் வீட்டை விற்கமுன் தோட்டத்தில் கிண்டி எடுத்த ஐந்து ஐரிஸ் கிழங்குகளை அம்மாவிடம் கொடுத்தார். "பூத்தால் ஒன்று கொண்டு வா. அந்த நீலத்தை இன்னொருமுறை பார்க்க வேண்டும்." அம்மா ஓம் என்றுவிட்டு வந்தா. நடுகிற வேலை என் தலையில்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. ஒரே பின்னேரத்தில் இணையம் முழுக்க வாசித்து முடித்தேன். கிழங்கின் முதுகு வெயிலில் கிடக்க வேணுமாம், மூடினால் அழுகுமாம். ஜெர்மனியில், எங்கள் ஹம் நகரில் அடிக்கிற குளிருக்கா? குழப்பம்தான். என்றாலும் ஆகஸ்ட் கடைசியில், வீட்டுக்குப் பின்னால் சுவரோரம், எழுதியிருந்தபடியே நட்டேன்.

அடுத்த கிழமை கிழங்குகளைக் காணோம். மேலே மண் குவிந்திருந்தது. மழையா? மழை மண்ணைக் கழுவும், குவிக்குமா? விரலால் கிளறித் திறந்துவிட்டேன். மறுகிழமையும் மூடிக்கிடந்தது. நிலத்துக்குள் வளை தோண்டும் பிராணியாக்கும் என்று முடிவுகட்டி, வெறும் போத்தலொன்றைப் புதைத்து வாயை மேலே விட்டேன். காற்றில் அது ஊதினால் பிராணி ஓடிவிடும் என்று வாசித்திருந்தேன். ஓடவில்லை.

நவம்பரில் ஒருநாள், தொழிற்சாலை வேலைக்குப் போகமுன் அப்பா மண்வெட்டியோடு அங்கே நின்றார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மண் அணைக்கிறன். கிழமைக்குக் கிழமை ஏதோ பூனை வந்து கிண்டிப்போட்டுப் போகுது."

"அந்தப் பூனை நான்தான்!"

"உனக்கென்ன விசரே? இஞ்சி, மஞ்சளுக்கு மண் அணைக்காமல் விடுவமே? இந்தக் குளிருக்கை வெறுமேலோடை விட்டிருக்கிறாய்."

"இது இஞ்சி இல்லையப்பா."

"அப்ப இந்தப் போத்தல் ஆருக்கு?"

அப்பா சொல்வதும் சரிபோலத்தான் இருந்தது. கடைசியில் இரண்டை மூடினோம், மூன்றைத் திறந்துவிட்டோம்.

மார்ச்சில், மூடிய இரண்டும் விரல் பட்டதும் கூழாகின. திறந்ததில் ஒன்றை உறைபனி வேரோடு மேலே தூக்கி எறிந்திருந்தது. மிச்சம் இரண்டில் இலை வந்தது. மே முடிந்தது, பூ வரவில்லை.

"அந்த மனுசி ஒவ்வொரு நாளும் கேக்கிறா. எனக்குச் சொல்ல ஏலாது, நீயே வந்து சொல்லு" என்றா அம்மா.

ஒரு இலையை வெட்டிக்கொண்டு போனேன். மூதாட்டி அதை மடியில் வைத்து நீவினார்.

"அப்போ அடுத்த மே வரைக்கும் நான் இருந்தாக வேண்டும்" என்று சிரித்தார்.

நானும் சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு கிழங்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.