அக்காவின் ஒற்றைத் தும்மல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினரும் நண்பரும் இதைக் கண்ணீரோடு படிக்க வேண்டாம்; அக்காவுக்கு அழுமூஞ்சிகளைப் பிடிக்காது.

காத்திவாக்கத்தில் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு வரம். அப்பா முகத்துவாரத்தில் இறங்கிக் கூப்பிட்டால் இறால்கள் தாமாகக் கூடையில் ஏறும். அண்ணன் கையில் பிடித்தால் பல்பு எரியும். கரண்ட் போன நாளில் அவருக்குத் தனி மரியாதை. எனக்கு வாய்த்தது வாய் மட்டும்தான். அக்கா தும்மினால் காற்று திசை மாறும்.

அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எங்களை வளர்த்தவர் அக்காதான். இறால் உரித்துப் புண்ணான விரல்களோடுதான் எனக்குத் தலை பின்னிவிடுவார். மேற்கிலிருந்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்து வந்தால், கருவாடு காயப்போட்ட பெண்கள் மூக்குப்பொடியோடு வாசலில் நிற்பார்கள். "யக்கா, ஒரு தும்மு தும்மிட்டுப் போயேன்!" ஒரே தும்மல், சாம்பல் வந்த வழியே போய்விடும். இரண்டாவது தும்மினால் மறுபடி திரும்பி வந்துவிடும் என்பதால் உடனே மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

என் நிச்சயதார்த்தத்துக்கு ராயபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர். வேறொரு பெண் வீட்டில் யாரோ ஒற்றைத் தும்மல் தும்மியதற்காகக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர். எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால் அக்காவைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னேன். "உன் கல்யாணம் நடந்தா போதும்டி" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தட்டு மாற்றும் நேரத்தில் காற்று திரும்பியது. பூ, வெற்றிலை, பட்டுப்புடவை எல்லாவற்றின் மேலும் சாம்பல். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாடா இது, கலீஜா கீது! வண்டிய எடு, போலாம்."

நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "வந்து தும்முக்கா!"

"வேணாம்டி. சகுனம் பாக்குறவங்க."

"போனா போறாங்க. நீ இல்லாம இன்னா நிச்சயம்?"

இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து வந்து பந்தல் நடுவில் நிறுத்தினேன். அக்கா தும்மினார். சாம்பல் விலகியது, கடல் காற்று குளுகுளுவென்று உள்ளே வந்தது.

"ஒத்தத் தும்மலு ஆவாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இன்னொண்ணு போடச் சொல்லு, ரெட்டையாவட்டும்."

"ஐயோம்மா, இன்னொண்ணு போட்டா சாம்பல் திரும்பி வந்துடும்!" என்று கத்தினார் அண்ணன்.

அக்காவின் மூக்கு அடுத்த தும்மலுக்குத் துடித்தது. கைகளோ என் பிடியில். மாப்பிள்ளையின் அம்மா வானத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பாய்ந்து வந்து அக்காவின் மூக்கை இறுக்கிப் பிடித்தார்.

"ஒத்தையே போதும்! தட்ட எடுங்கடா!"

அன்று முதல் என் மாமியாருக்கு என்னைவிட அக்காவைத்தான் அதிகம் பிடிக்கும்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு மூச்சிரைப்பு. அப்போதும் மூக்குப்பொடி கேட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தெருக்காரர்களுக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த பெண்களுக்கும், கடைசிவரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவை ஒளித்து வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் அழுதுகொண்டே பேச்செடுத்தேன்.

"நீதானடி வந்து இட்டுகினு போன" என்றார். அவர் நினைவில் வைத்திருந்தது அதை மட்டும்தான்.