அத்தானுக்குக் கயிறு பிடித்தேன்

அத்தானின் கறுப்புக் கோட்டில் முதுகுப் பக்கம் ஒரு துளை இருந்தது. கொழும்புத் தையற்காரரிடம் சொல்லி, ஓரமெல்லாம் பட்டு நூல் ஓட்டித் தைத்தது. கறுப்புச் சாயம் தோய்த்த தும்புக் கயிறு ஒன்று அவர் இடுப்பிலிருந்து அந்தத் துளை வழியாக வெளியே வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் கையில் முடியும். லண்டனிலும் பாரிசிலும் அவர் பியானோ வாசித்ததைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன. கயிறு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எங்கள் தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். "கூடப் பொறந்தவன் பிடிச்சா பங்கு ஞாபகம் வரும், மச்சினன் பிடிச்சா அக்கா தாலி ஞாபகம் வரும்" என்பார்கள். அத்தானைப் பெற்ற அய்யா, மச்சினன் காய்ச்சலில் கிடந்த அன்றைக்கு மட்டும் கூலியாள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அப்புறம் அவர் மேலே வரவில்லை. அதற்குப் பிறகுதான் அத்தான் மாதா கோவில் ஆர்கனில் போய் உட்கார ஆரம்பித்தாராம். "வாசிக்க இறங்கிட்டா எனக்கு அடி தெரியல மாப்ள, கயிறில்லாம இறங்க மாட்டேன்" என்பார். என் அக்காவைக் கட்டியதும் கயிறு என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் அக்கா வாசல்வரை வந்து, "ஏலே, மாலையெல்லாம் மறந்து வச்சிட்டு வந்தாலும் வா, ஆள மறந்துராத" என்பாள். கயிறு வெட்டிச் சுண்டினால் கேள்வி கேட்காமல் இழுக்கணும், அவ்வளவுதான் சட்டம். கடல் தாண்டிப் போன எந்த ஊரிலும் கயிறு அசையவில்லை.

உலக யுத்தம் முடிந்த பிறகு சொந்த ஊரில் முதல்முறையாக வாசித்தார். பஞ்சு வியாபாரி ஒருவரின் மண்டபம், கடலைப் பார்த்த ஜன்னல்கள், சாயங்கால வெயில். பியானோ கொழும்பிலிருந்து தோணியில் வந்திருந்தது. எங்கள் திரேஸ்புரத்துச் சனம் நெருக்கியடித்து நின்றது.

"என்னவே, கட்டிலு மாதிரி இருக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

"நீரு ஏறிப் படுத்துராதயும், வாசிக்கட்டும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

வாசிப்பு பாதியில் இருக்கும்போது கயிறு வெட்டியது. எட்டிப் பார்த்தேன். அத்தானின் இரண்டு கைகளும் கட்டைகள் மேல் ஓடிக்கொண்டிருந்தன. கயிறு என் கையிலிருந்து அவர் முதுகுக்குப் போகாமல், பலகைத் தரையைக் குத்திக்கொண்டு நேர் கீழாக விறைத்து நின்றது. மறுபடியும் வெட்டியது. இழுத்தால் சொந்த சனத்தின் முன்னால் மனுசனை மல்லாத்தின மாதிரி. இழுக்காவிட்டால் என் அக்கா தாலி.

இழுத்தேன். நாலே முழக் கயிறு, இரு கை விரித்த அளவு ஒரு பாகம் என்று பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. ஈரமாக வந்தது. ஒரு ஆள் கனம் எனக்குத் தெரியும், இது அதைவிடக் கூட. அத்தனை நேரமும் பாட்டு நிற்கவில்லை. திடீரென்று நின்றது. அத்தான் சாய்ந்து விழுந்து, முங்கி எழுந்தவனைப் போல நெஞ்சு வெடிக்க ஒரு மூச்சு இழுத்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மயக்கம் என்று சனம் பேசிக்கொண்டது.

வீட்டில் அக்கா முகம் துடைத்துவிடும்போதுதான் சொன்னார். "கீழ எங்கய்யா நின்னாரு. ஒனக்கு யாருலே கயிறுன்னு கேட்டாரு. மச்சினன்னேன். அப்ப நானும் வாரேம்லேன்னு என் இடுப்பப் பிடிச்சுக்கிட்டாரு."

அக்கா எழுந்துபோய் இன்னொரு சோற்றுத் தட்டு எடுத்து வைத்தாள்.

அன்றிலிருந்து அத்தான் கயிறு கேட்கவில்லை. பியானோ முன்னால் நடுவில் உட்காராமல், இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கியே உட்கார்ந்தார். லண்டன், பாரிசில் வாங்கியதைவிடப் பெரிய பெயரெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். போன வாரம் என் பேத்தி அவர் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "தாத்தா, இது ரெண்டு பேர் வாசிக்கிறதா?" என்றாள்.

"ஆமா, அதுல ஒருத்தருக்குச் சங்கு குளிக்க மட்டுந்தான் தெரியும்" என்றேன்.