துடைக்காத தட்டு

வெள்ளைத் துணி ஒன்றை என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருங்கக்கா" என்றாள் அந்த ஆராய்ச்சி மாணவி. காலை ஏழு மணி. நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஸ்பிரிட் நெடிக்கு அடியில் லேசாக விபூதி வாசனை. துணியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். "நம்ம மெஷின் தட்டுலேர்ந்து வந்துச்சு" என்றாள். வெட்கப்பட்டிருக்க வேண்டும் நான். எரிச்சல்தான் வந்தது. காலங்காத்தால யார் இவளை இதையெல்லாம் நோண்டச் சொன்னது?

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடமாக மேமோகிராம் எடுக்கிறேன். மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ்ரே அது. எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆதரவுக் குழு என்று ஒன்று உண்டு. துறைத் தலைவர்தான் அதற்கும் தலைவர், நான் உறுப்பினர். பேனர் உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்தில் மெதுவடை உண்டு. "உங்களுக்கு என்ன வேணும்னாலும் தயங்காமக் கேளுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், மெஷினில் கொஞ்சம் நேரம். அதைக் குழு தராது. நோயாளிகள் வருமுன் கிடைக்கும் அரை மணியில் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறவள் நான். அந்த அதிகாரத்தை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். சோறு வடித்து வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். மார்பகப் படங்களில் மணல் துகள் போலச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிவதுண்டு. சில சமயம் நோயின் முதல் அடையாளமே அதுதான். அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்ல ஒரு வழி செய்துகொண்டிருந்தாள். மார்கழியில் பார்த்தால் டாக்டர் கண்ணுக்குத் தப்பியதையும் அவள் கம்ப்யூட்டர் பிடிக்கிறது. துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கட்டுரையைச் சென்னை மாநாட்டுக்கு அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். அங்கே இவள் பேசுவதைக் கேட்டுவிட்டு வேலை தருவதாக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு வரப்போகிற முதல் மாதச் சம்பளம் அது.

மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கவனித்தாள். டாக்டர் விட்டுவிட்டதாக நினைத்த புள்ளிகள் எல்லாப் பெண்களின் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தன. அதுவும் ஆயுத பூஜைக்குப் பிறகு எடுத்த படங்களில் மட்டும். டாக்டர் அவற்றைத் தவறவிடவில்லை, அழுக்கு என்று தள்ளியிருக்கிறார். என்னிடமும் ஒரு தரம் சொன்னார். நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

சோறு போடுகிற மெஷின் என்று வருஷா வருஷம் அதற்கு விபூதிப் பட்டை போட்டுக் குங்குமம் வைப்பவள் நான்தான். அந்த வருஷம் மார்பகத்தை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டிலும் பட்டை போட்டேன், மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். தட்டின் ஓரத்துக் கீறல்களில் விபூதி இறங்கிவிட்டது. வாராவாரம் தட்டைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, காலியாக ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். நான் நோட்டில் மட்டும் மாதக் கடைசியில் மொத்தமாக டிக் அடித்துவந்தேன்.

காலையில் என்னிடம் துணியைக் காட்டியவள், புள்ளிகள் வெறும் அழுக்கு என்று நேராகத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். உடனே ஆதரவுக் குழு கூடியது, வடையோடு. "இப்பப் போயி இதை ஏம்மா கிளப்புற? மாநாட்டுல பேசிட்டு வா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். "தப்புன்னு தெரிஞ்சப்பறம் எப்படி சார் பேசறது?" என்றாள். அவர் நோட்டைப் புரட்டி என் பக்கம் திரும்பினார். "தட்டை வாராவாரம் கழட்டித் தொடைச்சீங்கல்லம்மா?"

"தொடைச்சோம் சார்" என்றேன்.

மெமோ கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். அவள் பையில் அந்தத் துணி இருந்தது, எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள். துணியை எடுக்கவில்லை. அன்று மாலையே தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சென்னைக்கு எழுதிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "எண்ணினதுல நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளைப் போல, அவளுக்குக் காபி வாங்கிக்கொண்டு போனேன்.

அவள் மீதே எனக்குக் கோபம். இப்படி ஒரு அசட்டு நல்லதனம் உண்டா? "ஏண்டி, அந்தத் துணியைத் தூக்கி மேஜையில போட்டிருந்தா என்ன? பெரிய தியாகின்னு நெனப்பா?" என்று கத்தினேன்.

அவள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "தியாகமெல்லாம் இல்லக்கா. படமெல்லாம் மறுபடி எடுக்கணும். நாளைக்கு மெஷின்ல நேரம் நான் யார்கிட்ட கேக்கறது?"

மறுநாள் துறைத் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "சரி விடுங்கம்மா, இனிமேப் பாத்துத் தொடைங்க" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே. அவ்வளவுதான். எந்த மெமோவுக்குப் பயந்து அவள் வேலையைக் காவு கொடுத்தேனோ, அந்த மெமோ வரவே இல்லை. அவள் ஆறு மாதம் கூடுதலாக உட்கார்ந்து படிப்பை முடித்தாள். இப்போது பட்டுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறாள். ஆராய்ச்சி இல்லை.

குழு இன்னும் இருக்கிறது. நானும் இருக்கிறேன். இப்போது தட்டை நானே கழற்றித் துடைக்கிறேன், பூஜைக்குச் சுவரில்தான் பொட்டு. போன வாரம் புதிதாக வந்த மாணவி ஒருத்தி, "நீங்க இல்லன்னா எங்க ப்ராஜெக்டே இல்லக்கா" என்று குழைந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மெஷின்ல ஏதாவது தப்பு தெரிஞ்சா என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும், புரியுதா?" என்றேன்.

"கண்டிப்பாக்கா" என்று சிரித்தாள். சொல்லமாட்டாள். அவளுக்கும் காலையில் அரை மணி நேரம் வேண்டும்.