நல்ல சேதி சொல்லப் போன டீச்சர்

பத்மாசினி டீச்சருக்குச் சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். வேலை, ஒரகடத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், ஐந்தாம் வகுப்புக்கு. எழுபத்து மூன்றாம் வருஷம் அந்த வகுப்பில் அம்சவல்லி என்றொரு பெண் இருந்தாள். கிள்ளுவாள், கடிப்பாள், பக்கத்துப் பெண்ணின் சடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் டீச்சரின் குரலே கேட்கும்: "கொழந்தேளா, வாயைப் பொத்திண்டு எழுதறேளா, பிரம்பை எடுக்கட்டுமா?" பேசியது தான்தானோ என்று டீச்சருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிடும்.

அடித்துப் பார்த்தார். பிரம்புதான் முறிந்தது. ஒருநாள், ராஜாவும் மந்திரியும் குடியானவனும் பேசிக்கொள்ளும் பாடத்தை அவள் கையிலேயே கொடுத்தார். "எல்லார் குரல்லயும் நீயே படி, பார்ப்போம்."

படித்தாள். ராஜாவுக்கு ஹெட்மாஸ்டரின் இருமல், மந்திரிக்குக் கணக்கு வாத்தியாரின் மூக்குக் குரல். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. அப்புறம் தினமும் பாடம் படிப்பது அம்சவல்லிதான். கடிப்பதை மறந்தே போனாள்.

ஆறாவதுக்கு அனுப்புவார்களா என்பதுதான் டீச்சரின் கவலை. அவள் அப்பன் கன்னியப்பனுக்குச் செங்கல் சூளையில் வேலை. அங்கே கல் சுமக்க எப்போதும் ஆள் தேவை. வீட்டுக்கே போய், பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னால் மனசு மாறுவான் என்று டீச்சர் நினைத்தார். ஆனால் அந்த ஊரில் வாத்தியார் வீடு தேடி வந்தால் புகார் என்று அர்த்தம். வேறு எதற்கும் யாரும் வந்ததில்லை.

டீச்சர் தெருவில் நுழைந்ததுமே எதிர்வீட்டுப் பாப்பம்மாள் கூவினாள். "யோவ் கன்னியப்பா! டீச்சரம்மா நேரா உன் வூட்டுக்குத்தான் வர்றாங்கோ! உம் பொண்ணு எவன் மண்டைய ஒடைச்சாளோ!"

"இம்மாந் தூரம் நடந்து வர்றாங்கன்னா சும்மாவா?" என்றது இன்னொரு குரல்.

வாசலை எட்டுவதற்குள் உள்ளே அம்சவல்லி மேல் விறகுக்கட்டை விழும் சத்தம். டீச்சர் ஓடினார்.

"நிறுத்துங்கோ! நான் நல்லது சொல்ல வந்திருக்கேன்!"

கன்னியப்பன் கட்டையைப் போட்டுவிட்டுக் கைகூப்பினான். "உங்கள வெயில்ல இழுத்தடிச்சிட்டாளேம்மா. இன்னா பண்ணா, சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ணலை! நன்னா படிக்கறா!"

"அடி வாங்கனத பாத்து மனசு எளகிப் பேசறீங்கோ. மறைக்காதீங்கம்மா."

"சத்தியமா! ஒவ்வொருத்தர் குரலும் அப்படியே பேசிக் காட்டறா. ஹெட்மாஸ்டர் கூட..."

அவன் முகம் கறுத்தது. "பெரியவங்களுக்குப் பழிப்பு காட்றாளா? உங்க மாரியுமா பேசிக் காட்றா?"

டீச்சருக்குப் பொய் வரவில்லை. அந்த ஒரு கணமே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மூலையில் அம்சவல்லி இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "கை வீங்கிக்கினு கீதுய்யா" என்று அவள் அம்மா கனகம் முனகினாள்.

"இனிமே இவளால உங்களுக்குத் தொந்தரவு இல்லம்மா," என்றான் கன்னியப்பன். "நாளையிலேர்ந்து சூளைக்கு வரட்டும்." மரியாதையாகத்தான் சொன்னான்.

டீச்சர் சூளைக்கும் போய்ப் பார்த்தார். "இன்னுமாம்மா கோவம் ஆறல? நாந்தான் நிறுத்திட்டேனே!" என்று அவன் கெஞ்சினான். சில மாதம் கழித்து மறுபடி போனபோது, அவன் பார்ப்பதற்குள் அம்சவல்லி ஓடி வந்து வழியை மறித்தாள். முறிந்த இடது கை கோணலாகக் கூடியிருந்தது. தலையில் சும்மாடு.

"டீச்சர், வராதீங்க."

"உங்கப்பாட்ட இன்னொரு தரம் பேசிப் பார்க்கறேண்டி."

"நீங்க வந்துட்டுப் போனா அன்னிக்கி எனக்கு ஒதை டீச்சர். போய்டுங்க."

டீச்சர் திரும்பிவிட்டார். சூளையிலிருந்து யார் கண்ணிலும் படாமலிருக்க, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்த ஊரில் வேலை பார்த்தவரைக்கும் அவருக்கு அதுதான் வழி.