முதல் பந்தியின் முதல் இலை

எங்கள் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் ஒவ்வொரு வருடமும் கொள்ளுப்பாட்டியின் திதியன்று ஒரு புகைப்படம் வந்துவிடும். சித்தப்பாதான் போடுவார். அரக்கு நிறப் பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு கொள்ளுப்பாட்டி நிற்கிற படம். 'தன் கனகாபிஷேகத்தன்றும் அடுப்படிக்கு ஓடிய தெய்வம்' என்று கீழே எழுதியிருப்பார். உடனே கும்பிடு கைகள் வரிசையாக வந்து விழும். சால்ட் லேக்கிலிருந்து, பெங்களூரிலிருந்து, கடல் கடந்தும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடினாளாம்! அவள் ஓடவில்லை. கூப்பிட்டார்கள், போனாள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

கொள்ளுப்பாட்டி கல்யாணமாகி ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கியபோது அவளுக்குப் பதினைந்து வயது. கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. நான்கு குழந்தைகளைக் கொடுத்துவிட்டு அவர் பாதியிலேயே போய்ச் சேர்ந்தார். லேக் மார்க்கெட் பக்கத்தில் இரண்டு அறை வீடு. ஊரிலிருந்து வேலைக்கு வந்த தனிக்கட்டை ஆபீசர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அப்பளம் இட்டாள், வடாம் பிழிந்தாள், கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள். தாத்தா வங்கி அதிகாரி ஆனார். தாத்தாவின் தங்கைகள் நல்ல இடங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். அதற்குப் பிறகாவது கரண்டியை வாங்கி வைத்தார்களா என்றால், இல்லை. அப்பா பள்ளிக்கூடம் போனபோதும் அவள்தான் டிபன் டப்பா கட்டினாள், நான் போனபோதும் அவளேதான். எண்பதை நெருங்கும் கையால் கட்டிய எலுமிச்சஞ்சாதத்தை, ருசி போதவில்லை என்று நான் முகம் சுளித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றுகொண்டே, அடியில் தங்கிய குழம்பை வழித்துப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். கல்யாண வீடுகளிலும் அப்படித்தான். தாலியறுத்தவள் என்று மணமேடைப்பக்கம் வரவிட மாட்டார்கள். ஆனால் அவள் வைத்த ரசத்தை மட்டும் யாரும் தள்ளி வைத்ததில்லை. என்ன சாஸ்திரமோ!

இலை விஷயத்தில் மட்டும் அவள் மகா கறார். ஒரு கல்யாணத்தில் நான் சாப்பிட்டுவிட்டு இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டேன். கையில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

"நம்ம பக்கமா மடிக்கணும்டீ. வயிறும் மனசும் நெறைஞ்சுது, இன்னும் வருவோம்னு அர்த்தம். அந்தப் பக்கமா மடிக்கறது துக்க வீட்டுல. இனிமே இப்படி ஒண்ணு இங்க நடக்கவேண்டாம்னு சொல்லிட்டு வரது."

அதற்கப்புறம் நான் தப்பாக மடித்ததே இல்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி பிறந்தான். வீடே கொண்டாடியது. பிள்ளை வழியில் கொள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டாளாம். ஆகவே அவளுக்குக் கனகாபிஷேகம் செய்ய வேண்டுமாம். சல்லடையில் தங்கக் காசைப் போட்டு, அதன் வழியாகக் கொள்ளுப்பேரன் கைபட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றுவது. அப்படிச் செய்தால் நேரே சொர்க்கம் என்றார் வாத்தியார். ஒன்பது வருடமாக அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தது கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. அந்த எரிச்சல் எனக்கு இன்றும் தீரவில்லை.

மண்டபம் பார்த்து, சமையல்காரருக்குச் சொல்லி எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சாயங்காலம் தாத்தா சாவகாசமாகக் கேட்டார். "உனக்கு என்னம்மா வேணும்? ஏதாவது ஆசை இருந்தா சொல்லு." ஒன்றும் வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டார்.

கொள்ளுப்பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மொதப் பந்தியில மொத எலையில உக்காந்து சாப்பிடணும். சூடா. எனக்கு நீங்க பரிமாறணும். நடுவுல நான் எழுந்துக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவுதானா என்றார் தாத்தா. அத்தைப்பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்து இலைக்கு அப்போதே இடம் பிடித்துவிட்டேன்.

அந்த நாளில் தண்ணீரெல்லாம் ஊற்றியாகிவிட்டது. தம்பி வீறிட்டு அழுதான். கொள்ளுப்பாட்டிக்கு உலர்ந்த பட்டைக் கட்டிவிட்டார்கள். பந்தி போட்டார்கள். வரிசையின் தலைமாட்டில் முதல் இலை, பெரிய தலைவாழை. அவள் உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஓரத்தில் ஒரு கரண்டி பாயசம் வைத்தார்கள். என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள். அப்படி ஒரு குறும்பு அந்த முகத்தில் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த வாடை வந்தது. கடுகெண்ணெய்.

தாத்தாவின் ஆபீஸிலிருந்து வங்காளிகள் நிறையப் பேர் வருகிறார்கள் என்று அவர்களுக்காகக் கத்திரிக்காய் வறுவல் தனியாகச் சொல்லியிருந்தார்கள். பேகுன் பாஜா. அதற்கென்று கடுகெண்ணெய் டின் ஒன்று வந்திருந்தது. தலைமைச் சமையல்காரர் வரவேண்டிய ரயில் தாமதம். அவருடைய உள்ளூர் உதவியாள் அவசரத்தில் அந்த டின்னை உடைத்து சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றுக்கும் தாராளமாகத் தாளித்துக் கொட்டிவிட்டான். நம்மவர்கள் யாரும் வாயில் வைக்க முடியாது.

தாத்தா வேர்த்து வழிய வந்து குனிந்தார்.

"அம்மா, ஒரே நிமிஷம். உள்ள வந்து பாரேன்."

"இன்னிக்கு நான் வரலை."

"ஆபீஸ்காரா எல்லாம் உக்காந்துட்டாம்மா. மானம் போயிடும். உன்னை விட்டா யாரு இருக்கா?"

அந்த மண்டபத்தில் அவள் வயிற்றில் பிறந்த பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். மருமகள் இருந்தாள். பேரன்மார்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் இருந்தார்கள். அத்தனை பேரும் அவள் சமையலில் வளர்ந்தவர்கள். ஒருத்தரும் அசையவில்லை. பட்டு கசங்கிவிடுமே! எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளுப்பாட்டி இலையைப் பார்த்தாள். பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்திருக்க அவளுக்கு நேரமாயிற்று. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். குழுவில் வருடாவருடம் வருகிற படம் அப்போது எடுத்ததுதான். யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

அவள் போட்ட சத்தம் பந்திவரை கேட்டது. எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிப் புதிதாகக் கூட்டினாள், நெய்யில் தாளித்தாள். அந்த உதவியாள் அவளை டாகுமா, பாட்டியம்மா, என்று கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுத் தப்பு நடந்துவிட்டது என்று அழாக்குறையாகச் சொன்னானாம். அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

நான் அவளுடைய இலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தாமதமாக வந்தார் தாத்தாவின் பெரிய மேனேஜர். தாத்தாவே கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் இலையைக் காட்டினார்.

"இது கொள்ளுப்பாட்டி எலை!" என்று கத்தினேன்.

"பாட்டி அடுத்த பந்தியில உக்காருவா. கையை எடு." தாத்தா சிரித்துக்கொண்டே என் தோளை ஒரு நிமிண்டு நிமிண்டினார். அந்த மனிதர் வேண்டாம் என்று வங்காள மொழியில் ஏதோ முனகினார். ஆனாலும் உட்கார்ந்தார். கொள்ளுப்பாட்டிக்கு வைத்த பாயசத்தை முதல் வாயாக அவர்தான் சாப்பிட்டார். நான் ஒன்றும் சாப்பிடாமல் எழுந்துபோனேன். பெண் குழந்தைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று அத்தைப்பாட்டி சொன்னாள்.

அடுத்த பந்திக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த பந்திக்கு மோர் போதவில்லை. கடைசியில் வீட்டு மனிதர்கள் மட்டும் மிஞ்சியபோது அவளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இலை போட்டாகிவிட்டது. தாத்தா தானே சாதத்தட்டை எடுத்தார். வீடியோக்காரரைக் கூப்பிட்டார். பரிமாறுகிற பிள்ளை படத்தில் விழவேண்டாமா?

"போறும்" என்றாள் கொள்ளுப்பாட்டி.

"இன்னும் ஒண்ணுமே போடலியேம்மா!"

அவள் பருக்கைகூட விழாத அந்தப் பச்சை இலையை, இரண்டு கையாலும் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, எதிர்ப்பக்கமாக மடித்தாள். நடுவில் விரலால் அழுத்தி நீவியும் விட்டாள்.

பிறகு தாத்தா சிரித்தார். "பாவம், வயசாயிடுத்தோன்னோ, எல்லாம் மறக்கறது" என்று குனிந்து இலையைப் பிரித்துச் சரியான பக்கமாக மடித்துவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். வீடியோக்காரர் விளக்கை அணைத்தார்.

வீடு திரும்பும் டாக்சியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். என் கோபமெல்லாம் கடுகெண்ணெய் மேல், அந்த உதவியாள் மேல், பாயசம் தின்ற மேனேஜர் மேல். தாத்தா மேல் வரவில்லை. தாத்தா பாவம், ஓடி ஓடிக் களைத்திருந்தார். கொள்ளுப்பாட்டிக்கு மறதி வியாதியா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அதுவும் புரியவில்லை.

மறுநாள் காலையில் எழுந்துபோனால் கொள்ளுப்பாட்டி வழக்கம்போல எல்லோருக்கும் காப்பி கலந்துகொண்டிருந்தாள். மண்டபத்தில் மிஞ்சிய இலைக்கட்டு சமையலறை மூலையில் கிடந்தது. அவளுக்கு மறந்துபோனதை நான் திரும்பச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். ஒரு இலையை உருவித் தரையில் போட்டேன்.

"இங்க பாரு கொள்ளுப்பாட்டி. நம்ம பக்கமா இப்படி மடிக்கணும். அந்தப் பக்கம் மடிச்சா துக்க வீடு. நேத்திக்கு நீ மறந்துட்டே."

ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் மடித்ததைக் கடைசிவரை பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டீ" என்றாள்.

மறந்துபோனதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவளுக்குப் புரியட்டும் என்று, இலையைப் பிரித்து இன்னொரு தடவை நிதானமாக மடித்துக் காட்டினேன்.