விரல்கள் விரியும் வரை

ஒருநாள் மாலை அப்பா வேலையிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டைக் கொண்டுவந்தார். ரயில் பெட்டிகளுக்கு நடுவே பிரேக்குக்காகத் தொங்கும் குழாயில், பழுதானது என்று கழித்துப் போட்டதிலிருந்து வெட்டியது. நான் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியும் அதில் கிரீஸ் வாடை போகவில்லை. அப்பா அதை அம்மாவின் வலது உள்ளங்கையில் வைத்தார், விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார், "அமுத்து" என்றார். அம்மா அமுக்கினாள். ரப்பர் இம்மியும் நசுங்கவில்லை. ஆனாலும் விரல்கள் அதைப் பற்றிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு அன்று அதுவே போதுமானதாக இருந்தது.

கொள்ளேகாலத்துப் பக்கம் எங்களுக்கு விவசாயம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை கிடைத்து அப்பா மைசூருக்கு வந்தார். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதை இன்றும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கு வாதம் வந்தபோது நான் ஹைஸ்கூலில் இருந்தேன். காலையில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து துடுப்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது; வலது கையும் காலும் அவளுடையவை அல்லாதவைபோலக் கிடந்தன.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, யார் எந்த வைத்தியம் சொன்னாலும் அது எங்கள் வீட்டில் நடந்தது. ஆயுர்வேத வைத்தியர் கொடுத்த தைலத்தைச் சூடாக்கித் தோளிலிருந்து விரல் நுனிவரை தேய்த்தோம். துணியில் அரிசி கட்டி ஒத்தடம் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு மின்சாரப் பெட்டி இருந்தது. நனைத்த பஞ்சுப் பட்டையை முழங்கையருகே வைத்து நர்ஸம்மா பிடியைத் திருப்பினால், அம்மாவின் விரல்கள் தாமாகவே துள்ளும். அந்த வேடிக்கையை அம்மா யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்ப்பாள். பேச்சு முதலில் திரும்பியது, பிறகு கால். சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை இழுத்து இழுத்து, அவள் சமையலறை வரைக்கும் நடக்கத் தொடங்கினாள். கை மட்டும் பின்தங்கியது.

அப்போதுதான் அந்த ரப்பர் துண்டு வந்தது. அப்பா வாழ்நாளெல்லாம் இரும்பை முடுக்கிப் பிழைத்தவர். பிடி இறுகினால் வேலை முடிந்தது என்பது அவர் தொழிலில் உண்மை. கையையும் அவர் ஒர்க்‌ஷாப் மேஜையில் பொருத்திய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைப்போலத்தான் எண்ணினார். அம்மா உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிடி வலுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விரலைக் கொடுத்துப் பார்த்து, "எவ்வளவு பலம்" என்று வியந்தார்கள். சில வாரங்களில் அந்தக் கை மூடிய முஷ்டியாகவே நின்றுவிட்டது. நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாயிற்று.

நர்ஸம்மா அந்த முஷ்டியைப் பார்த்ததும் அப்பாவைத்தான் கேட்டார்: "இதென்னப்பா, யாரையாவது குத்தப் போறாளா?" பிறகு அம்மாவின் தோளைத் தட்டி, "ஹிடியோது சாகம்மா, பிடோது கலி" என்றார். பிடித்தது போதும், விடப் பழகு என்று கன்னடத்தில் சொன்னார். இந்த நோயில் கை மூடுவது தானாகவே வரும், திறப்பதுதான் வராது என்று விளக்கினார். விரல்களைப் பிடித்து இழுத்துப் பிரிக்கக் கூடாது. மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டுப் பொறுமையாக இருந்தால் விரல்கள் தளரும். தளர்ந்த கையைப் பலகையில் விரித்து வைத்து, அதன்மேல் உடம்பின் பாரத்தைச் சாய்க்க வேண்டும். இரவில் கையைப் பலகையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட வேண்டும். மறுநாள் அப்பா கை அளவுக்கு ஒரு பலகையை இழைத்துக் கொண்டுவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் அக்கா, என் அத்தை, கொள்ளேகாலத்திலிருந்து வந்தாள். ஒரு கூடையில் இரண்டு புறாக்களும் வந்தன.

"புறா ரத்தத்தைச் சுடச்சுடத் தேய்ச்சா கை எந்திரிச்சு நிக்குமாம். எங்கூர்ல ரெண்டு பேருக்கு நின்னுருக்குது."

அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "எனக்கே ஒரு பக்கம் ஓடுலீங்க நங்கையா. பாவம், இதுங்களாவது முழுசா ஓடட்டும்" என்றாள். நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் அழைப்பாள். கூடையைத் திறந்துவிட்டதும் புறாக்கள் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அத்தை வந்த காரணம் புறா அல்ல. இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா காதில் விழும்படியாகவே அப்பாவிடம் பேச்செடுத்தாள். "வீட்டுக்கு ஒரு கை வேணுமல்ல தம்பி? ஒண்ணு, புள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்து. இல்லையா, எங்க பங்காளி வீட்டுல ஒரு புள்ள இருக்குது, அடக்கமானவ, அவளக் கட்டிக்க. உன்ற சம்சாரத்தை யாரும் தள்ளி வைக்கச் சொல்லுல. அவபாட்டுக்கு ஒரு மூலைல இருந்துட்டுப் போறா." அத்தை கெட்டவள் அல்ல. அந்தக் காலத்தில் அது ஊரில் நடக்கிற காரியம். ஒரு வீட்டின் கஷ்டத்துக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து அது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து, "அவ பள்ளிக்கூடத்துக்குத்தான் போவா" என்றாள். மற்றதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. தசரா முடிந்து ஊருக்குப் போவதற்குள் பதில் வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு அம்மா கைப்பயிற்சி செய்த விதமே மாறியது. இடது கையைத் தானே முந்தானைக்குள் செருகிக்கொண்டு, வலது கையால் மட்டும் புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுவாள். எடுப்பது எளிதாக இருந்தது. போடுவதற்குத்தான் காத்திருக்க வேண்டும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு கொட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் தலை பின்னி முடிக்கும்போதுதான் அது கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்கும். சாப்பிடக்கூட இடது கையை வெளியே எடுக்க மாட்டாள். வாய்க்குப் போன சோற்றைவிட மடியில் சிந்தியது அதிகம். ஊட்டிவிடுகிறேன் என்று நான் உட்கார்ந்தால், "உனக்குப் பரீட்சை வருதல்ல, போ" என்பாள்.

தசரா முடிந்து அத்தை புறப்பட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் ஜட்கா நின்றது. அப்பா அத்தையின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஊருக்குப் போகும் சுமங்கலிக்கு வீட்டுக்காரி தன் வலது கையால் குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்புவது வழக்கம். அத்தை என்னைப் பார்த்து, "புள்ள குடுக்கட்டும், அதனால என்ன" என்றாள். அம்மா சுவரை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அவள் வலது கையில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. அத்தைக்கு முந்தானையை விரித்து நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கை நீண்டது. விரல்கள் திறக்கவில்லை. அத்தை முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். வெற்றிலைக் காம்பு நசுங்கி விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. ஜட்காக்காரர் வெளியே, "பேக பன்னி" என்று கன்னடத்தில் சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்தினார். விரலைப் பிரித்துவிட நான் ஓர் அடி வைத்தேன். அம்மா பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். அவள் மணிக்கட்டை மெல்லக் கீழே சாய்த்தாள். எதையும் இழுக்கவில்லை, உதறவில்லை. வெறுமனே காத்திருந்தாள். சுண்டுவிரல் தளர்ந்தது, பிறகு அதன் அடுத்தது. கட்டைவிரல் கடைசிவரை விடாமல் இருந்துவிட்டு, அதுவும் விட்டது. வெற்றிலையும் பாக்கும் அத்தையின் முந்தானையில் விழுந்தன.

அத்தை அதை முடிந்துகொண்டாள். "இத்தன நேரம் நின்னா எனக்கு பஸ்ஸு போயிருமே அம்மிணி" என்றாள்.

"அடுத்த தடவை வெரசாக் குடுக்கறேனுங்க நங்கையா."

அடுத்த தடவை என்ற சொல்லை அத்தை கவனித்திருக்க வேண்டும். அப்பா கவனித்தார். மூட்டையை ஜட்காவில் ஏற்றிவிட்டு, "அந்தப் பேச்சு இனி வேண்டாங்கக்கா" என்று அவர் சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

இப்போது நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவின் கை முழுதாகத் திரும்பவில்லை. களி கிண்டுகிறாள், துடுப்பை விடுவதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்கிறாள். அத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது வந்துபோகிறாள். புறப்படும்போது முந்தானையை விரித்துக்கொண்டு, மழை, சோளம், மாட்டுச் சந்தை என்று ஏதாவது ஒரு கதையைத் தொடங்கிவிடுவாள். அம்மாவின் விரல்கள் விரியும் வரை அந்தக் கதை ஓடும். போன மாதம் பாதிக் கதையிலேயே வெற்றிலை விழுந்துவிட்டது. அத்தை குனிந்து முந்தானையைப் பார்த்தாள்.

"ஏனம்மிணி, அதுக்குள்ள உட்டுட்ட? நான் இன்னும் சந்தைக்கே போய்ச் சேருல."